பழைய திரையரங்கு, இரவுக் காட்சி: பாஸ்டல் ஓவியத்துக்கு உங்கள் கருத்து வேண்டும்

டச்சுக்குடாக்காரி:
வணக்கம். மேலே போட்டிருப்பது அண்மையில் முடித்த பாஸ்டல் ஓவியம், அதாவது நிறத்தூள் கட்டிகளால் தீட்டியது. 50க்கு 65 சென்ரிமீற்றர் தாள். நம் திருகோணமலையின் பழைய திரையரங்கு ஒன்று, எழுபதுகளின் கடைசியில், மார்கழி இரவு. மழை சற்று முன்புதான் விட்டிருக்கிறது. காட்சி தொடங்கிவிட்டது, சனம் உள்ளே போய்விட்டது, வாசல் வெறிச்சோடிக் கிடக்கிறது. எந்தத் திரையரங்கு என்று தயவுசெய்து துப்பறிய வேண்டாம். ஊரில் பார்த்த இரண்டு மூன்று கட்டடங்களைச் சேர்த்துத்தான் இதைக் கட்டியிருக்கிறேன். படிகள் ஒன்றினுடையவை, தூண்கள் இன்னொன்றினுடையவை.

என் சிக்கல் வலப்பக்கச் சுவர். வெளிச்சம் படாத அந்தப் பகுதி செத்துப்போய்க் கிடக்கிறது. எவ்வளவு தீட்டினாலும் இருட்டாகத் தெரியவில்லை, கரி பூசிய இடமாகத்தான் தெரிகிறது. பார்த்துச் சொல்லுங்கள். தாட்சண்யம் வேண்டாம்.

உப்புவெளியான்:
தாட்சண்யம் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் கேட்கிறேன். இடது மூலையில் அந்தப் புள்ளிமான் எதற்கு? நம் ஊரை வரைகிறவர்கள் கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, மான் இந்த மூன்றில் ஒன்றையாவது வைக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்கு விற்கிற அட்டை என்றால் சரி. திரையரங்கைப் பார்க்க வந்தவன் மானைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

சுண்ணக்கட்டி:
மானுக்குப் பிறகு வருகிறேன், முதலில் சுவர். அக்கா, கறுப்புக் கட்டியை எடுத்தீர்களா? எடுத்திருப்பீர்கள், படத்திலேயே தெரிகிறது. பாஸ்டலில் கறுப்பு மட்டும் பூசிய இடம் மங்கலாகித் தட்டையாகிவிடும். எண்ணெய் வர்ணத்தில் கறுப்புக்கு ஒரு பளபளப்பு உண்டு, உள்ளே ஆழம் இருப்பதுபோலக் காட்டும். பாஸ்டல் வெறும் தூள். நிறத்தூள், கொஞ்சம் சுண்ணம், ஒட்டிக்கொள்ள இம்மியளவு பிசின், அவ்வளவுதான். அதன் மேற்பரப்பு ஒளியைச் சிதறடித்து அனுப்புவதால் கறுப்பு சாம்பலாகத்தான் கண்ணுக்கு வரும்.

கடும் நீலம், கருஞ்சிவப்பு கலந்த கபிலம், கரும்பச்சை ஆகிய மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு கோடாகப் போட்டுப் பாருங்கள். விரலால் தேய்க்காதீர்கள். கோடுகளுக்கு இடையே கீழ் நிறம் தெரிய வேண்டும், அப்போதுதான் அந்த இருட்டுக்குள் சுவர் இருப்பதாகக் கண் நம்பும். தேய்த்தால் தாளின் சொரசொரப்பு அடைபட்டுப்போகும், அதற்குமேல் ஒரு கட்டியும் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் சுவருக்கு அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். காய்ந்த தட்டைத் தூரிகையால் அந்தப் பகுதியை மட்டும் உதறிவிட்டு மறுபடி தொடங்கலாம். எண்ணெய் வர்ணக்காரருக்கு இல்லாத வசதி இது.

டச்சுக்குடாக்காரி:
நல்ல பதில், நன்றி தம்பி. தாள் கடும் நீலச் சாயம் ஏற்றியது. நானே செய்தது: தடித்த நீர்வர்ணத் தாளில் அக்ரிலிக் பூச்சோடு நுரைக்கல் தூளைக் கலந்து இரண்டு முறை தடவினேன். கடையில் விற்கும் மணற்பூச்சுத் தாளுக்குக் கொழும்பில் சொல்லும் விலையைக் கேட்டால் ஓவியமே வேண்டாம் என்று தோன்றும்.

உப்புவெளியானுக்கு: மான் அங்கே நிற்கத்தான் நிற்கும். பிரெட்றிக் கோட்டைக்குள் இருந்து நகரத்துக்குள் வந்து, இரவில் கடை வாசலில் படுத்து அசைபோடுகிற மான்களை நீங்கள் பார்க்காதவரா? ஊரில் கண்ணால் காண்பதை வரைந்தால் சுற்றுலா அட்டை, காணாததை வரைந்தால் கலையா?

சாம்பல்தீவு:
எனக்கு மானைப் பற்றிக் கவலை இல்லை. ஆட்கள் எங்கே? எங்கள் அம்மம்மா, சித்தி, அயலட்டைப் பெண்கள் எல்லோரும் கும்பலாகப் போய்ப் பெண்கள் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்த கதைதான் நான் கேட்டு வளர்ந்தது. ஒருத்தி கையில் பிள்ளை, இன்னொருத்தி மடியில் வெற்றிலைச் சரை. திரையரங்கு என்றால் அந்தச் சனம்தான். நீங்கள் வரைந்திருப்பது கட்டடம்.

இன்னொன்று. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிக் கொடுக்கிற பாஸ்டல் பெட்டியில் இப்படி வரைய முடியுமா? மகள் கேட்கிறாள்.

சுண்ணக்கட்டி:
பள்ளிக்கூடப் பெட்டியில் இருப்பது எண்ணெய்ப் பாஸ்டல், அக்கா. மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது, 1925 அளவில் ஜப்பானில் மாணவர்களுக்காகத் தொடங்கியது. தாளில் ஒட்டிக்கொண்டால் ஒட்டியதுதான், தூள் பறக்காது. சின்னப் பிள்ளைக்கு அதுவே நல்லது. இரவுக் காட்சிக்கும் வழி உண்டு: முதலில் பல நிறம் பூசி, மேலே கறுப்பு பூசி, ஊசிமுனையால் சுரண்டினால் வெளிச்சம் வெளியே வரும். மகள் அதை விரும்புவாள். இங்கே பேசுவது மென்பாஸ்டல், சுண்ணக்கட்டிபோலத் தூளாக உதிர்வது. அதை எடுத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: தாளில் விழும் தூளை வாயால் ஊதக்கூடாது. சில சிவப்பு, மஞ்சள் கட்டிகளில் கட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கும், ஊதினால் அது நேரே மூக்குக்குத்தான் வரும். பலகையைச் செங்குத்தாக வைத்தால் தூள் தானாகவே கீழே இறங்கிவிடும்.

ஒப்பரேட்டர் மகன்:
வணக்கம் தங்கச்சி. இந்த இழையை இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்பா நம் ஊரில் படம் ஓட்டியவர். சிறுவனாக நான் எத்தனையோ இரவு அந்தப் படம் ஓட்டும் அறையில் கழித்திருக்கிறேன். உங்கள் ஓவியத்தில் மேல்மாடியில் ஒரு சின்ன ஜன்னலும் அதற்குள் மஞ்சள் வெளிச்சமும் இருக்கின்றன. அது எங்கள் அறை என்றால் அந்த மஞ்சள் அங்கே வராது.

அந்தக் காலத்து இயந்திரத்தில் மின்குமிழ் கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகள், மேலே செம்புப் பூச்சு. இரண்டையும் தொடவைத்துச் சற்றே விலக்கினால் நடுவில் நெருப்பு வில்லாகப் பாயும். வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது என்று கறுப்புக் கண்ணாடி பதித்த சின்னத் துவாரம் வைத்திருப்பார்கள். குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும், கைப்பிடியைத் திருகித் திருகி அதை அளவாக வைத்திருக்க வேண்டும். அயர்ந்தால் திரை மங்கிவிடும், கலரியில் விசில் பறக்கும். அந்த வெளிச்சம் வெள்ளையும் அல்ல, நீலமும் அல்ல. வெல்டிங் பட்டறையைத் தாண்டி இரவில் போயிருந்தால் சுவரில் அது தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த நிறம். விளக்குக் கூட்டின் இடுக்கு வழியே கசிந்து அறைச் சுவரில் துடித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, கார்பன் எரியும்போது புகையும் நெடியும் வரும். அதை வெளியேற்றக் கூரைக்கு மேலே ஒரு தகரக் குழாய் போகும். உங்கள் கூரையில் அதைக் காணவில்லை.

டச்சுக்குடாக்காரி:
அண்ணா, இதற்காகத்தான் இங்கே போட்டேன். இன்னும் எழுதுங்கள். அறைக்கு எத்தனை ஜன்னல்? வீதிப் பக்கம் பார்க்குமா?

ஒப்பரேட்டர் மகன்:
இடத்துக்கு இடம் வேறுபடும். எங்கள் அறையில் வீதிப் பக்கம் ஒன்று, அதுவும் வெக்கைக்காகத் திறந்து வைப்பது. அரங்கப் பக்கம் சின்னச் சதுரத் துவாரங்கள். இரண்டு இயந்திரம். 35 மில்லிமீற்றர் பிலிம் ஆயிரம் அடி ஓடி முடியப் பதினொரு நிமிடம், இரண்டாயிரம் அடி என்றால் இருபத்திரண்டு. ஒரு ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த இயந்திரத்தை ஓடவிட வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு மாற்றிவிட வேண்டும். அப்பா அந்த மூலையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். எத்தனையோ படம் ஓட்டியவருக்கு முக்கால்வாசிப் படத்தின் கதை தெரியாது.

உங்கள் ஓவியத்துக்குத் தேவையானது: ஒரு இயந்திரத்திலிருந்து மற்றதற்கு மாறும் வேளையில் இரண்டு வில்லும் சேர்ந்து எரியும். அப்போது ஜன்னல் பளீரென்று இருக்கும்.

உப்புவெளியான்:
அண்ணா எழுதியதை வாசித்தபின் ஓவியத்தை மறுபடி பார்த்தேன். மானைவிடப் பெரிய குறை இப்போது தெரிகிறது. எல்லா விளக்கும் ஒரே மஞ்சள். வாசல், டிக்கெட் கூண்டு, சுவரொட்டிப் பெட்டி, மேல்ஜன்னல், தெருவிளக்கு எல்லாமே ஒரே கட்டியால் போட்டதுபோல இருக்கின்றன. எழுபதுகளின் தெருவிளக்கு எனக்கு நினைவிருக்கிறது. மேர்க்கரி விளக்கு, பச்சை படர்ந்த நீலம், அதன்கீழ் நின்றால் ஆளின் முகம் நோயாளி முகமாகிவிடும். இன்று காணும் செம்மஞ்சள் விளக்குகள் நம் தெருக்களுக்குப் பிறகு வந்தவை. நீங்கள் இன்றைய தெருவின் கீழே அன்றைய திரையரங்கை வைத்திருக்கிறீர்கள்.

சுண்ணக்கட்டி:
இதை அப்படியே வழிமொழிகிறேன். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். சாதாரண மின்குமிழின் ஒளி சுமார் 2,700 கெல்வின், கார்பன் வில் 5,000க்கு மேல். ஒன்றின் பக்கத்தில் ஒன்று இருந்தால்தான் இரண்டின் நிறமும் கண்ணுக்குத் தெரியும். எல்லாம் மஞ்சளானால் மஞ்சளே தெரியாது.

இரவில் செயற்கை வெளிச்சத்தை பாஸ்டலில் பிடித்தவர் என்றால் எனக்கு முதலில் பிரெஞ்சு ஓவியர் டேகாதான். 1876, 77 அளவில் பாரிஸ் அம்பாசடேர் இசை விடுதியை வரைந்தார், இப்போது லியோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் தட்டில் கறுப்பு மையால் வரைந்து தாளில் ஒற்றை அச்சு ஒன்று எடுத்துக்கொண்டு அதன்மேல் பாஸ்டல் போட்டார். அடியில் இருட்டு தயாராக இருந்தது, வெளிச்சத்தை மட்டும் அவர் வைக்க வேண்டியிருந்தது. மேலே வாயு விளக்கின் வெள்ளைக் குண்டுகள், கீழே மேடை விளிம்பு விளக்கு பாடகியின் முகத்தைக் கீழிருந்து தாக்குகிறது. இரண்டு வெளிச்சமும் இரண்டு விதம். அமெரிக்க ஓவியர் விஸ்லரும் அப்படித்தான். 1879இல் கடனில் முழுகி வெனிஸுக்குப் போனவர் கபிலத் தாளில் சின்னச் சின்னப் பாஸ்டல்கள் வரைந்தார். முக்கால் தாளைத் தொடவே இல்லை, தாளின் நிறமே சுவராகவும் நீராகவும் நின்றது. அக்கா, உங்கள் நீலத் தாளை நீங்கள் முழுக்க மூடிவிட்டீர்கள். வானத்தில் ஒரு பகுதியையாவது தாளாகவே விட்டிருக்கலாம்.

மூதூர்ப் படகு:
ஸலாம். நாங்கள் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப்பக்கம். எங்களுக்கு டவுனில் படம் என்றால் லாஞ்சில் வந்து லாஞ்சில் போவது, அதனால் இரவுக் காட்சி எட்டாக் கனி. பகல் காட்சி பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக இறங்குதுறைக்குப் போவோம். ஒரே ஒரு தடவை வாப்பாவின் தோழர் வீட்டில் தங்கி இரவுக் காட்சி பார்த்தேன். படம் மறந்துவிட்டது. வெளியே கச்சான்காரர் தள்ளுவண்டியில் வைத்திருந்த விளக்கு மறக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கு, சிம்னிக் கண்ணாடியில் ஒரு பக்கம் கரி படிந்திருந்தது. அவர் சூடான மணலோடு கச்சானைக் கிளறும்போது ஆவி எழுந்து அந்த வெளிச்சத்தில் செம்மஞ்சளாகத் தெரிந்தது. பழைய கொப்பித் தாளைச் சுருட்டி ஒரு கை அளந்து போடுவார், சுருளின் வாயை மடிக்கும்போது அவருடைய விரல்கள் மட்டும் வெளிச்சத்துக்குள் வரும், முகம் வராது. படம் முடியும் வரைக்கும் அவர் போகமாட்டார். சகோதரியின் வாசலில் ஆட்கள் இல்லாதது சரி, கச்சான்காரர் இல்லாதது சரியில்லை.

சாம்பல்தீவு:
மூதூர்க்காரர் சொன்னது சரி. என் கேள்விக்கும் அதுவே விடை. கூட்டம் வேண்டாம், அந்த ஒரு ஆள் போதும்.

டச்சுக்குடாக்காரி:
அவர் வருவார். மானுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தால் மானும் கச்சானுக்குக் காத்திருக்கிறது என்று உப்புவெளியானுக்குச் சமாதானம் சொல்லலாம்.

உப்புவெளியான்:
அப்படியென்றால் மானுக்கு வேலை வந்துவிட்டது. என் ஆட்சேபம் பாதியாகக் குறைகிறது. முழுவதும் போகவில்லை.

அடுத்த கேள்வி. இவ்வளவு சிரமம் எதற்கு? பழைய புகைப்படம் ஒன்றைத் தேடி எடுத்தால் போதாதா? ஓவியம் எவ்வளவு சரியாக இருந்தாலும் நினைவுகளைச் சேர்த்துத் தைத்ததுதானே.

ஒப்பரேட்டர் மகன்:
தம்பி, அந்தக் காலத்தில் இரவில் புகைப்படம் எடுத்தவர் யார்? கலியாண வீட்டுக்குப் படப்பிடிப்பாளர் பிளாஷோடு வருவார், அதோடு சரி. எடுத்திருந்தாலும் கறுப்பு வெள்ளைதான், மேர்க்கரி விளக்கும் மண்ணெண்ணெய் விளக்கும் ஒரே வெள்ளைத் திட்டாக இருக்கும். இடப்பெயர்விலும் ஆழிப்பேரலையிலும் எத்தனை வீட்டு அல்பம் போயிற்று என்று நம் ஊரில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். இரவுக் காட்சியே இல்லாத ஊரடங்கு வருடங்களும் இருந்தன. அந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு இரவில் வெளிச்சமாக நிற்கும் திரையரங்கு என்றால் என்னவென்றே தெரியாது.

சுவரொட்டியைப் பற்றியும் ஒன்று. தங்கச்சி அதில் படத்தின் பெயரை எழுதாமல் விட்டது நல்லது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தபிறகு தமிழ்நாட்டுப் படங்கள் அளந்துதான் வந்தன, பல படங்கள் அங்கே ஓடி ஓய்ந்த பிறகே இங்கே திரையேறின. சுவரொட்டியை வைத்து வருடத்தைக் கணிக்கிற விமர்சகர் யாராவது வந்து சண்டை பிடித்திருப்பார்.

உப்புவெளியான்:
வாதம் எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் கட்டடத்தையே காப்பாற்றுவதை விட்டுவிட்டு வரைந்து வைத்துத் திருப்திப்படுகிறோமே என்று எரிச்சலாக இருக்கிறது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 என்ற நாளுக்கு முந்தியவையே பழஞ்சின்னங்கள் என்று எல்லைக்கோடு வைத்து எழுதப்பட்டது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன கண்டி ஒப்பந்த நாள் அது. சினிமா பிறந்ததே அதற்கு எண்பது வருடம் பிறகு. கோட்டைக்குப் பலகை நட்டுப் பாதுகாக்கிறார்கள், கோட்டையைவிட அதிகச் சனம் உள்ளே போய்வந்த கட்டடத்தை ஆதனக்காரரின் தயவில் விட்டுவிடுகிறோம்.

டச்சுக்குடாக்காரி:
எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் வழக்குப் பேச எனக்குத் தெரியாது, வரையத் தெரியும்.

இதுவரை செய்தது: வலப்பக்கச் சுவரை உதறிவிட்டு நீலம், கபிலம், பச்சை என்று கோடாகவே போட்டேன். மூச்சு வந்துவிட்டது. மேல்ஜன்னலில் மஞ்சளைச் சுரண்டி எடுத்து, முதலில் மெல்லிய ஊதா, நடுவில் மட்டும் குளிர்ந்த வெள்ளை ஒரே ஒரு அழுத்து. கூரையில் தகரக் குழாய் ஏறிவிட்டது, அதன் வாயில் ஜன்னல் நிறத்தில் கொஞ்சம் புகை. தெருவிளக்கு மேர்க்கரிக்கு மாறியது. அதனால் ஈரத் தார் மீது விழுந்த பிரதிபலிப்பு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. விளக்குக்கு நேர் கீழே நீளமாக இழுத்த கோடு பச்சை நீலம், வாசலுக்குக் கீழே மஞ்சள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சாம்பல் வந்தது, நான் திட்டமிடாதது. அதைத் தொடவில்லை.

கச்சான்காரரின் விளக்குக்கு என் பெட்டியிலேயே மிகச் சிவந்த செம்மஞ்சள். முழு ஓவியத்திலும் அந்த நிறம் வேறெங்கும் இல்லை. முகத்தை வரையவில்லை, விரல்களும் தாள் சுருளும் மட்டும்.

மூதூர்ப் படகு:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிம்னியின் ஒரு பக்கம் கரியும் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஒப்பரேட்டர் மகன்:
குழாய் சரி. கொஞ்சம் உயரம் குறைத்தால் இன்னும் சரி. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

சாம்பல்தீவு:
பாதுகாப்பது எப்படி? கடலோர வீட்டில் மாட்டினால் நம் வாடைக்கால ஈரத்தில் பூஞ்சணம் வந்துவிடாதா? ஓவியத்தின்மேல் தெளிக்கிற திரவம் இருக்கிறதே, அதை அடித்துவிடலாமா?

சுண்ணக்கட்டி:
நிலைநிறுத்தும் திரவம் தெளித்தால் வெளிச்சப் புள்ளிகள்தான் முதலில் அடங்கிப்போகும். தூளுக்குள் திரவம் இறங்கியதும் நிறம் ஒரு படி கறுத்துவிடும். இந்த ஓவியத்தில் மேல்ஜன்னலும் கச்சான் விளக்கும் போனால் எல்லாம் போச்சு. அடியில் இருக்கும் இருட்டுக்கு மட்டும் மெல்லத் தெளித்து, வெளிச்சங்களைக் கடைசியாகப் போட்டுத் தெளிக்காமல் விடுவதுதான் வழக்கம். இப்போது முடிந்துவிட்டதால் தெளிக்கவே வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாஸ்டல்கள் கண்ணாடிக்குப் பின்னால் இன்றும் புத்தம் புதிதாக இருக்கின்றன. ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கும், ஓவியர் லியோடாரின் ‘சொக்லேட் பெண்’ 1740களில் வரைந்தது, வார்னிஷ் இல்லாததால் மஞ்சளிக்கவும் இல்லை.

ஈரம்தான் நம் எதிரி. பிசினும் தாளும் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், உள்சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் சின்னத் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றுப் போக விடுங்கள். ஐப்பசியில் ஒருதரம், தையில் ஒருதரம் கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், துடைக்கும்போது அதில் ஏறும் நிலைமின் தூளைத் தாளிலிருந்து இழுத்துவிடும்.

டச்சுக்குடாக்காரி:
சட்டம் போடக் கொடுத்த இடத்தில் முன்பொரு ஓவியத்தைக் கண்ணாடியோடு நெருக்கி அழுத்தி ஒட்டித் தந்தார்கள். கழற்றியபோது பாதி வானம் கண்ணாடியில் இருந்தது. இந்த முறை நானே கூட நிற்கப் போகிறேன். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

சுண்ணக்கட்டி:
குறைந்தது நான்கைந்து மில்லிமீற்றர். தடித்த அட்டையில் ஜன்னல் வெட்டி வையுங்கள், அதன் அடியில் சற்றே உள்ளே தள்ளி இன்னொரு ஒடுங்கிய அட்டைப் பட்டி. உதிரும் தூள் அந்த இடுக்குக்குள் விழுந்துவிடும், வெள்ளை அட்டையில் படியாது. கண்ணாடி ஒட்டியிருந்தால்தான் தூசி போகாது என்று கடையில் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு இடைவெளியை விடச் சொல்லுங்கள். கொண்டுபோகும்போது ஓவியத்தின்மேல் வழவழப்பான மெல்லிய தாளை வைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கிக் கட்டுங்கள். முச்சக்கர வண்டியில் போவதென்றால் படுக்கையாக மடியில் வைத்துக்கொண்டு போங்கள். நம் வீதிக் குலுக்கலில் நிறுத்திக் கொண்டுபோனால் கச்சான்காரர் சட்டத்துக்கு அடியில் வந்துவிடுவார்.